பழைய கொரோலாவும் ஐந்து வயர்ச் சென்சரும்

எங்கள் வீட்டுக் கொரோலா 1993ஆம் ஆண்டு வண்டி. ஏ.ஈ.100 வகை, 1498 சீசீ கொள்ளளவுள்ள 5ஏ-எஃப்.ஈ. எஞ்சின். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் வழி திறக்கும்வரை, திருகோணமலையில் ஓடுகிற நிலையிலுள்ள பழைய காரைக் கழித்துவிட யாருக்கும் மனம் வந்ததில்லை. அந்த இடைக்காலத்தில்தான் எங்கள் காரின் ஈ.சி.யு., அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி, கைவிட்டது. பெட்டியைத் திறந்தபோது, கப்பாசிற்றர்களிலிருந்து கசிந்த திரவம் பலகையின் செப்புத் தடங்களைப் பச்சை பிடிக்க அரித்திருந்தது. அதே வகைப் பழைய பெட்டி ஒன்றைத் தேடி வாங்கினால் அதுவும் அதே வயதுடையதாகவே இருக்கும் என்பதால், ஆர்டுயினோ மெகா 2560 பலகையில் இயங்கும் ஸ்பீடுயினோ என்ற திறந்த மூல ஈ.சி.யு.வை நானே பற்றாசு வைத்துப் பொருத்தினேன். எஞ்சின் மூன்றாம் முயற்சியிலேயே உயிர்பெற்றது. ஆனால் எந்தச் சுழற்சி வேகத்தில், எந்தப் பாரத்தில், எவ்வளவு பெற்றோல் விடவேண்டும் என்ற அட்டவணையை நிரப்புவதற்கு, எரிந்து வெளியேறும் புகையில் காற்றும் பெற்றோலும் என்ன விகிதத்தில் இருந்தன என்று சொல்லக்கூடிய ஒரு சென்சர் தேவைப்பட்டது. அதைத் தெரிவு செய்து, பொருத்தி, அது சொல்வதை நம்பலாம் என்ற நிலைக்கு வர எனக்கு ஏறத்தாழ நான்கு மாதங்கள் பிடித்தன. அந்த அனுபவத்தையே இங்கு எழுதுகிறேன்.

காரில் ஏற்கனவே ஒரு ஒட்சிசன் சென்சர் இருக்கிறதே, அது போதாதா என்று என் மச்சான் கேட்டார். நியாயமான கேள்விதான். அந்தக் காலத்து நாரோபாண்ட், அதாவது குறுகிய எல்லைக்குள் மட்டும் அளக்கும் சென்சர், ஒரு சிறு மின்கலம் போல வேலை செய்கிறது. புகையில் ஒட்சிசன் மிஞ்சியிருந்தால் ஏறத்தாழ 0.1 வோல்ற், பெற்றோல் மிஞ்சியிருந்தால் 0.8 அல்லது 0.9 வோல்ற் காட்டும். இரண்டுக்கும் நடுவே, நிறையளவில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெற்றோல் என்ற இடத்தில், அதாவது லம்டா 1 என்று சொல்லப்படும் புள்ளியில், அதன் வோல்ற்றளவு செங்குத்தாகத் தாவுகிறது. அந்தப் புள்ளியில் அதைவிடத் துல்லியமான சாட்சி இல்லை. ஆனால் முழு அக்ஸலரேற்றரில் 12.8 வேண்டுமா, 11.5 ஆகிவிட்டதா என்று கேட்டால் இரண்டுக்கும் அது ஏறத்தாழ ஒரே பதிலைத்தான் சொல்லும். ட்யூனிங் செய்ய வேண்டிய பெரும்பகுதி அந்தப் புள்ளிக்கு அப்பால் இருப்பதால் அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இருந்தும் அதைக் கழற்றி எறியாமல் விட்டது பின்னர் என்னைக் காப்பாற்றியது.

முதலில் என்னைத் தேடி வந்தது ஒரு மலிவான வழி. 2000ஆம் ஆண்டை ஒட்டி வந்த பல டொயோட்டாக்களில் நான்கு வயர் ஏ.எஃப். (காற்று-எரிபொருள்) சென்சர் இருக்கிறது. கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் கழற்றிய நிலையில் கிடைக்கும் என்றும், அதுவும் வைட்பாண்ட், அதாவது பரந்த எல்லை முழுவதும் விகிதத்தை அளக்கும் வகைதான் என்றும் ஒரு நண்பர் சொன்னார். அவர் சொன்னது பொய்யல்ல. ஆனால் அந்தச் சென்சர் வெளியே பார்ப்பதற்குச் சாதாரண நான்கு வயர் நாரோபாண்ட் போலவே இருக்கும். வேலை செய்யும் முறையோ முற்றிலும் வேறு. டொயோட்டா ஈ.சி.யு. அதன் இரு வயர்களுக்கும் இடையே ஏறத்தாழ 0.3 வோல்ற்றை நிலையாக வைத்து, ஊடாகப் பாயும் மிகச் சிறிய மின்னோட்டத்தை அளக்கிறது. கடையில் கிடைக்கும் வைட்பாண்ட் கொன்ட்ரோலர்கள் பெரும்பாலும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. சென்சர் மலிவு, அதனோடு பேசக்கூடிய பெட்டி கிடைக்காது என்ற நிலையில் அந்த யோசனையைக் கைவிட்டேன்.

மிச்சமிருந்த வைட்பாண்ட் சென்சர்கள் பொஷ் நிறுவனத்தின் எல்.எஸ்.யு. 4.2, எல்.எஸ்.யு. 4.9, அதற்கும் பிந்திய எல்.எஸ்.யு. ஏ.டி.வி., என்.டி.கே. என்ற இன்னொரு நிறுவனத்தின் வகைகள். இவற்றின் பொதுவான வேலை முறையைச் சொல்லிவிட்டால் தெரிவு விளங்கும். உள்ளே இரண்டு சிர்கோனியாக் கலங்கள் இருக்கின்றன. ஒரு கலம் நாரோபாண்ட் போலவே மோப்பம் பிடிக்கிறது. மற்றையது, முதற்கலம் எப்போதும் 0.45 வோல்ற்றில் நிற்கும்படி, சிறிய அறை ஒன்றுக்குள் ஒட்சிசனை உள்ளே தள்ளியோ வெளியே இறைத்தோ கொண்டிருக்கிறது. இறைப்பதற்குச் செலவாகும் மின்னோட்டம்தான் நமக்குக் கிடைக்கும் அளவு. லம்டா 1இல் அது சுழியம். பெற்றோல் கூடினால் ஒரு திசையிலும் காற்றுக் கூடினால் எதிர்த்திசையிலும் பாயும். ஆகவே சென்சரை மட்டும் வாங்கினால் போதாது. அந்தப் பம்பை ஓட்டவும், ஹீற்றரைச் சரியான வெப்பநிலையில் பிடித்து வைக்கவும் ஒரு கொன்ட்ரோலர் வேண்டும்.

4.2க்கும் 4.9க்கும் உள்ள முக்கிய வேறுபாடு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான தூய காற்று எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. 4.2 வெளிக்காற்றை வயர்களின் வழியாகவே உள்ளே இழுத்துக்கொள்கிறது. 4.9 ஒரு சிறு மின்னோட்டத்தால் தனக்கான ஒட்சிசனைத் தானே இறைத்து வைத்துக்கொள்கிறது. ஆய்வுகூடத்தில் இது பெரிய வித்தியாசமாகத் தெரியாமல் இருக்கலாம். கடற்கரையிலிருந்து நானூறு மீற்றர் தொலைவில் கார் நிற்கும் எங்களுக்கு அப்படியல்ல. இங்கே ஒரு வருடத்துக்குள் இணைப்பி முனைகளில் பச்சை பூத்துவிடும். அதற்கு மருந்தாக எல்லோரும் டபிள்யூ.டி.-40ஐ அள்ளி அடிப்பார்கள். 4.2இன் இணைப்பியில் அப்படி அடித்தால், அந்த எண்ணெய் ஆவி ஒப்பீட்டுக் காற்றோடு சேர்ந்து, அளவு மெல்ல மெல்லப் பிசகும். அதோடு, 4.2ஐப் பயன்படுத்தும் பழைய கருவிகளுக்கு அவ்வப்போது சென்சரைக் கழற்றி வெளிக்காற்றில் பிடித்து அளவுத்திருத்தம் செய்ய வேண்டும். நான் 4.9ஐத் தெரிவு செய்ததற்கு இதுவே முதற்காரணம். இரண்டாவது காரணம், பல நிறுவனங்களின் கொன்ட்ரோலர்கள் ஒரே 0 258 017 025 என்ற பொது இலக்கச் சென்சரைப் பயன்படுத்துவது. சென்சர் தேய்ந்து தீரும் பொருள். இங்கே ஒன்று வந்துசேர வாரக்கணக்கில் ஆகலாம். ஒரேயொரு கடையில் மட்டும் கிடைக்கும் சென்சரோடு கட்டுண்டிருக்க நான் விரும்பவில்லை. ஏ.டி.வி.யும் என்.டி.கே.யும் நல்ல சென்சர்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் டேர்போ இல்லாத 1.5 லீற்றர் எஞ்சினுக்கு அந்தக் கூடுதல் செலவை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

கொன்ட்ரோலரைப் பொறுத்தவரை, டாஷ்போர்டில் பொருத்தும் வட்டமான மீற்றரோடு வரும் ஏ.ஈ.எம். எக்ஸ் சீரிஸ் போன்றவை பார்வைக்கு அழகானவை. எனக்கு மீற்றர் தேவைப்படவில்லை. ஓட்டும்போது எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பது ஆபத்து. எண் மடிகணினியில் பதிவாகவேண்டும், அவ்வளவுதான். மேலும் வேலை முடிந்ததும் இதே சாமானை மச்சானின் லான்சருக்கு மாற்றுவதாக இருவரும் செலவைப் பங்கு போட்டிருந்தோம். எனவே 0 முதல் 5 வோல்ற் வரை நேர்கோட்டில் 10 முதல் 20 விகிதத்தைத் தரும், முகமில்லாத சிறு பெட்டியான ஸ்பார்ட்டன் 3 வகையைத் தெரிவு செய்தேன். அதில் ஹீற்றருக்கு ஒரு ஏர்த் வயரும் மின்சுற்றுக்கு வேறொரு ஏர்த் வயரும் தனித்தனியே வருகின்றன. அதன் பெறுமதி அப்போது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பெட்டி வெளிநாட்டிலிருந்து வந்தது. சென்சரில் மட்டும் சிக்கனம் பிடித்து, உள்நாட்டில் இணையவழி விற்கும் ஒருவரிடம் ஏறத்தாழ அரைவிலைக்கு வாங்கினேன். பொருத்துமுன் வீட்டு முற்றத்தில், கடற்காற்று நேராக அடிக்கும் இடத்தில், கம்பியில் தொங்கவிட்டு மின் கொடுத்தேன். சுத்தமான காற்றில் 20.9 வீதம் ஒட்சிசன் இருக்கிறது. கொன்ட்ரோலர் அங்கே தன் உச்சமான 5 வோல்ற்றில், அதாவது 20 என்ற விகிதத்தில், அசையாமல் நிற்கவேண்டும். என்னுடையது 18.6ஐக் காட்டி, பிறகு 18.1க்கும் 19க்கும் இடையே அலைந்தது. இரண்டு நாட்கள் கொன்ட்ரோலரைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு மல்ரிமீற்றரை எடுத்தேன். 4.9இன் ஹீற்றர் வயர்களான சாம்பலுக்கும் வெள்ளைக்கும் இடையே, குளிர்ந்த நிலையில் ஏறத்தாழ 3 ஓம் வரவேண்டும். இதில் 6 ஓமை நெருங்கியது. அறுகோணத் தலையில் பொறித்திருந்த இலக்கம் நகத்தால் சுரண்டியபோது மையாக உரிந்து வந்தது. விற்றவர் தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்டார். இரண்டாவது சென்சரைக் கொன்ட்ரோலர் விற்றவரிடமே முழுவிலைக்கு வரவழைத்தேன். அதை அதே கம்பியில் தொங்கவிட்டபோது முப்பது விநாடிக்குள் 5.00 வோல்ற்றில் போய் நின்றது.

இங்கே ஒரு நுணுக்கத்தைச் சொல்லவேண்டும். சென்சரிலிருந்து சிவப்பு, மஞ்சள், வெள்ளை, சாம்பல், கறுப்பு என ஐந்து வயர்கள்தான் வருகின்றன. ஆனால் இணைப்பியில் ஆறு முனைகள் இருக்கின்றன. ஆறாவது முனைக்குப் பின்னால், இணைப்பியின் பிளாஸ்ரிக்குக்குள், ஒரு சிறு தடை ஒளிந்திருக்கிறது. தொழிற்சாலையில் ஒவ்வொரு சென்சரையும் தனித்தனியே அளந்து, 30 முதல் 300 ஓம் வரையிலான ஏதோ ஒரு மதிப்புக்கு அதை லேசரால் செதுக்கியிருப்பார்கள். வெளிக்காற்றில் அளவுத்திருத்தம் செய்யாமலே 4.9ஐ நம்ப முடிவது இதனால்தான். வயர் போதவில்லை என்று இணைப்பியை வெட்டிவிட்டு நேரடியாகப் பற்றாசு வைக்கிறவர்கள், அந்தச் சென்சரின் பிறப்புச் சான்றிதழையே வெட்டி எறிகிறார்கள். நீட்டவேண்டுமென்றால் கொன்ட்ரோலர் பக்கத்து வயரை நீட்டவேண்டும்.

பொருத்தும் இடம் அடுத்த கேள்வியாக இருந்தது. அக்காலத்து டொயோட்டாவின் ஒட்சிசன் சென்சர் மரையில் முறுக்குவதல்ல. இரண்டு நட்டில் இறுக்கும் தட்டையான பிளாஞ்ச். புதியதற்கு எம்18, 1.5 மரையுள்ள ஒரு வளையத்தை, புகைக்குழாயின் முற்பகுதியான முன்பைப்பில் வெல்டிங் செய்யவேண்டியிருந்தது. லேத் பட்டறையில் அந்த அளவுக்கு மரை வெட்டும் டப் இல்லை. ஆகவே போலிச் சென்சரையே மாதிரியாகக் கொடுத்தேன். பட்டறை அண்ணை உட்புற மரையை லேத்திலேயே வெட்டி, ஒவ்வொரு தடவையும் அதை முறுக்கிப் பார்த்து, நான்காவது தடவையில் கையாலேயே கடைசிவரை இறங்கும்படி செய்து தந்தார். பைப்பில் இடத்தைக் குறித்தபோது அவருக்கு அது பிடிக்கவில்லை.

"தம்பி, பைப்புக்குக் கீழ வைச்சா கண்ணுக்குத் தெரியாது, வடிவா இருக்கும். ஏன் மேல வைக்கச் சொல்லுறீங்க?"

"கீழ வைச்சா காலமை ஸ்டார்ட் பண்ணேக்க வாற தண்ணி அதுக்குள்ள நிக்கும் அண்ணை. ஹீற்றர் சூட்டில தண்ணி பட்டா உள்ளுக்க இருக்கிற செரமிக் வெடிச்சுப் போயிடும்."

அவர் தலையசைத்தாரே தவிர, நம்பியதாகத் தெரியவில்லை. கிடைமட்டத்திலிருந்து குறைந்தது 10 பாகையாவது மேல்நோக்கிச் சாய்ந்திருக்கவேண்டும் என்பது விதி. நான் ஏறத்தாழ 45 பாகை வைத்தேன். நான்கு குழாய்களும் ஒன்றுசேரும் இடத்திலிருந்து 45 சென்ரிமீற்றர் கீழே, கற்றலிற்றிக் கொன்வேட்டருக்கு முன்னால். அறுகோணத் தலை 600 பாகைக்கு மேல் சூடேறக்கூடாது என்பதால் அதைவிட நெருக்கமாகப் போக விரும்பவில்லை. இறுக்கம் 40 முதல் 60 நியூட்டன் மீற்றர். என்னிடமிருந்த டோர்க் ஸ்பானரில் 45 வைத்தேன். கொன்ட்ரோலருக்கான மின்சாரத்தை இக்னிஷனிலிருந்து எடுக்காமல் பெற்றோல் பம்ப் ரிலேயிலிருந்து எடுத்தேன். எஞ்சின் ஓடாதபோது ஹீற்றர் சூடாகி ஈரத்தைச் சந்திப்பதையும், எஞ்சின் ஓடும்போது ஹீற்றர் அணைந்து சென்சரில் கரி படிவதையும் அது ஒருசேரத் தடுக்கிறது.

இனித்தான் பழைய நாரோபாண்ட் சாட்சிக்கு வருகிறது. அதை மனிபோல்டில், அதாவது எஞ்சினிலிருந்து புகை முதலில் வெளியேறும் குழாய்த் தொகுதியில், இருந்த இடத்திலேயே விட்டு, அதன் வோல்ற்றளவையும் பதிவில் சேர்த்தேன். என் எண்ணம் எளியது: லம்டா 1ஐ அது மட்டும் பிழையின்றி அறியும். எனவே அது தாவும் கணத்தில் வைட்பாண்ட் 14.7 காட்டவேண்டும். முற்றத்தில் எஞ்சினை 2500 சுழற்சியில் பிடித்து, தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிட்டு, பெற்றோலை ஒரு வீதம் கூட்டியும் குறைத்தும் பார்த்தேன். நாரோபாண்ட் 0.2க்கும் 0.8க்கும் இடையே தாவியது. வைட்பாண்ட் அந்தக் கணங்களில் 14.6, 14.7 என்று நின்றது. மகிழ்ந்து எஞ்சினை ஐடிலுக்கு, அதாவது அக்ஸலரேற்றரை மிதிக்காத மெதுவான ஓட்டத்துக்கு, விட்டேன். அங்கே நாரோபாண்ட் 0.8 வோல்ற்றில் அசையாமல் நின்று பெற்றோல் கூட என்றது, வைட்பாண்ட் 15.8 காட்டிக் காற்றுக் கூட என்றது.

ஒரே புகையைப் பார்த்து இரண்டு சென்சர்கள் எதிரெதிராகப் பேசினால், புகை ஒன்றல்ல என்று பொருள். இரண்டுக்கும் இடையே எங்கோ காற்று நுழைகிறது. சவர்க்காரத் தண்ணீரைத் தூரிகையில் தோய்த்து, மனிபோல்டும் முன்பைப்பும் சேரும் பிளாஞ்சில் குளிர்ந்த எஞ்சினை ஓடவிட்டுத் தடவியபோது, கீழ்ப்பக்கத்தில் சிறு குமிழிகள் கிளம்பின. ஒவ்வொரு வெடிப்புக்கும் பிறகு பைப்பில் ஒரு கணம் அமுக்கம் வெளியைவிடக் குறைகிறது. அப்போது அந்தக் கசிவின் வழியே வெளிக்காற்று உள்ளே போகிறது. ஐடிலில் புகை குறைவு என்பதால் அந்தச் சிறு காற்றே அளவைப் புரட்டிவிடுகிறது. 2500இல் புகை மிகுதியில் அது கரைந்துபோகிறது. வைட்பாண்டை மட்டும் நம்பி அட்டவணையை நிரப்பியிருந்தால், ஏற்கனவே பெற்றோல் கூடிய ஐடிலுக்கு மேலும் பெற்றோல் ஊற்றியிருப்பேன். புதிய கஸ்கட் போட்டதும் ஐடில் 13.6 என்று உண்மையைச் சொன்னது.

அடுத்த முரண்பாடு இதைவிடத் தந்திரமானது. சில நாட்களில் நாரோபாண்ட் தாவும் கணம் 14.7இலும், சில நாட்களில் 15.0இலும் விழுந்தது. வெயிலா, பெற்றோலா, சென்சர் தேய்கிறதா என்று பலவாறு யோசித்தேன். பதிவை விரித்துப் பார்த்தபோது 15.0 வந்த இடங்களிலெல்லாம் ரேடியேற்றர் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கொன்ட்ரோலரின் இரண்டு ஏர்த் வயர்களையும் நான் சோம்பலில் ஒன்றாக முறுக்கிப் பற்றரிக்கு அருகே உடலில் இறுக்கியிருந்தேன். மின்விசிறியின் மின்னோட்டமும் அதே இடத்தின் வழியாகவே திரும்பியது. மல்ரிமீற்றரின் ஒரு முனையை அங்கும் மற்றதை ஈ.சி.யு.வின் ஏர்த்திலும் வைத்தபோது, மின்விசிறி ஓடும்போது 0.15 வோல்ற் வந்தது. ஐந்து வோல்ற்றுக்குப் பத்து விகிதம் என்றால் ஒரு வோல்ற்றுக்கு இரண்டு, 0.15க்கு 0.3. கணக்கு அப்படியே பொருந்தியது. ஹீற்றர் ஏர்த்தை எஞ்சின் புளொக்குக்கும், மின்சுற்று ஏர்த்தை ஈ.சி.யு.வின் சென்சர் ஏர்த்துக்கும் பிரித்துக் கொடுத்தபின் மின்விசிறி அளவை அசைக்கவில்லை. கொன்ட்ரோலர் வாங்குபவர்கள் முகப்பின் அழகைப் பார்ப்பதற்கு முன் ஏர்த் வயர்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். கணினிக்கு எண்ணாகவே அனுப்பும் சீரியல் அல்லது கேன் (CAN) வெளியீடு இருந்து, உங்கள் ஈ.சி.யு. அதை ஏற்குமானால் இந்தத் தொல்லையே இல்லை.

இன்னொன்று: விகிதத்தை விட்டு லம்டாவில், அதாவது உண்மை விகிதத்தை முழு எரிப்புக்குத் தேவையான விகிதத்தால் வகுத்து வரும் எண்ணில், சிந்திப்பது நல்லது. சென்சர் அறிவது லம்டாவை மட்டுமே, 14.7 என்பது கொன்ட்ரோலர் செய்யும் பெருக்கல். தமிழ்நாட்டு ட்யூனர்களின் காணொளிகளைப் பார்த்து இங்கே பலர் எண்களைக் குறித்து வைத்திருக்கிறார்கள். அங்கே பெற்றோலில் 20 வீதம் எதனோல் கலக்கிறது; அந்தக் கலவை முழுமையாக எரியத் தேவையான விகிதம் ஏறத்தாழ 13.5. அவர்களின் உண்மை விகிதத்தை இங்கே நேரடியாக வைத்தால் பெற்றோல் கூடிவிடும். லம்டா 0.87 என்றால் அங்கும் இங்கும் 0.87தான்.

வீதிச் சோதனைக்கு ஞாயிறு அதிகாலையில் கந்தளாய் நோக்கிய ஏ6 வீதியைத் தெரிவு செய்தோம். நான் ஓட்ட, மச்சான் மடிகணினியை மடியில் வைத்திருந்தார். இரண்டாம் கியரில் முழு அக்ஸலரேற்றர் கொடுத்து 4500 சுழற்சி வரை போனாலும் 70 கிலோமீற்றர் வரம்பைத் தாண்டத் தேவையில்லை. முதல் ஓட்டத்தில் 11.4 வந்தது, அவ்வளவு காலமும் பின்பம்பர் ஏன் கறுத்துப்போனது என்று அப்போது விளங்கியது. இரண்டாவது வாரம் யானை ஒன்று வீதியோரம் நின்றதால், எஞ்சினை அணைக்கவும் துணிவில்லாமல், கடக்கவும் துணிவில்லாமல் பத்து நிமிடம் ஐடிலில் காத்திருந்தோம். அந்தப் பத்து நிமிடத்தில் உள்ளிழுக்கும் காற்று 64 பாகைக்கு ஏறி, கலவை எப்படி நகர்கிறது என்ற மிக அருமையான பதிவு கிடைத்தது. திட்டமிட்டிருந்தால் அது கிடைத்திருக்காது.

ட்யூனிங் முடிந்தபோது முழு அக்ஸலரேற்றரில் லம்டா 0.87, நிதானமான ஓட்டத்தில் 1.02, ஐடிலில் 0.97 என்று நின்றது. அன்றாட ஓட்டத்துக்குப் பழைய நாரோபாண்டை ஈ.சி.யு.வோடு இணைத்துவிட்டேன், லம்டா 1ஐச் சுற்றித் திருத்திக்கொள்ள அது போதும். வைட்பாண்டை மின்சாரமின்றிப் பைப்பில் விட்டால் கரி படிந்து கெட்டுவிடும் என்பதால், பேசியபடி அது மச்சானின் லான்சருக்குப் போயிற்று. காலியான எம்18 துளைக்கு மூடி ஒன்று தேவைப்பட்டது. லேத் அண்ணை அந்தப் போலிச் சென்சரை வாங்கி, வயரையும் மூக்கையும் வெட்டி எறிந்து, மரையுள்ள உடலை மட்டும் வெல்டிங்கால் அடைத்துத் தந்தார். அது கசிவில்லாமல் சரியாக இறுகியிருக்கிறது.